பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன் பத்திரிகைக்காரர்களிடம் போய்ப் பேசலாமா?

தாவரவியல் டீச்சர் எழுதியது:

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகத் தாவரவியல் எடுக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், தேனிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி கடைசியில் இருக்கிறது. நடந்ததைச் சொன்னால்தான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும். பதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எப்படி, எந்த இடத்தில் என்ற விவரம் எதையும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ரிசல்ட் வந்த அன்று மதியம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உயிரை விட்டுவிட்டாள். ஒரு பாடம் போயிருந்தது.

மறுநாள் காலைப் பேப்பரில் அவளுடைய அடையாள அட்டைப் போட்டோ வந்தது. பெயர், அம்மா பெயர், தெருப் பெயர், ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மார்க், எந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று வரிசையாக, பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் அவள் எழுதி வைத்த தாளையே படம் பிடித்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். பாதி வருடம் அதே கையெழுத்தில் இருந்த அவள் ரெக்கார்டு நோட்டைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு டிவிக்காரர் அஞ்சாவது படிக்கிற அவள் தம்பி முன்னால் மைக்கை நீட்டி, "அக்கா கடைசியா உன்கிட்ட என்ன பேசுனா?" என்று கேட்டார். அந்தப் பையன் அழுததை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருமே தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். மைக்கையும் கேமராவையும் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப் பெட்டிக்கடை முன்னால் மாலைப் பேப்பரின் வால்போஸ்டர் தொங்குகிறது. முழுத்தாள், சிவப்பு எழுத்து. அவள் எழுதிய கடைசி வரியைத் தலைப்பாக்கியிருந்தார்கள். எதிரே எங்கள் பள்ளி கேட். டி.சி. வாங்கவும் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டவும் பிள்ளைகள் வருகிற நேரம். கடைக்காரரிடம், "அண்ணே, இதைக் கொஞ்சம் எடுத்துருங்களேன்" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சணலை அவிழ்த்து, போஸ்டரை நாலாக மடித்து, கல்லாவுக்கு அடியில் வைத்தார். "நானும் இன்னும் படிக்கல டீச்சர், கட்டித் தொங்க விடறதோட சரி" என்றார். அந்தப் போஸ்டரைத் தயாரித்தவர்களுக்கு வராத எண்ணம், சொன்ன உடனே அவருக்கு வந்துவிட்டது.

இனிமேல்தான் முக்கியமானது. அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை ஒருத்திக்கும் ஒரு பாடம் போயிருந்தது. துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வந்தவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, உள்ளே மடித்த பேப்பர் துண்டு ஒன்று இருந்தது. அந்தச் செய்தி, அந்தப் போட்டோ. கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டியிருந்தாள். "எதுக்கும்மா இதை வெச்சிருக்க?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அவளுக்காக எல்லாரும் அழுதாங்க டீச்சர்."

அன்றைக்கு அவளை நான் தனியாக விடவில்லை. வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன், அவள் அம்மாவிடம் பேசினேன், மறுநாள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் மூன்று பேருமாகப் போனோம். அவள் இப்போது நர்சிங் இரண்டாம் வருடம், நன்றாக இருக்கிறாள். ஆனால் ஜாமெட்ரி பாக்ஸை அன்றைக்கு என் கண்ணெதிரே திறந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. திறக்காத பாக்ஸ்கள் எத்தனையோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்த பிள்ளைக்குப் பிரச்சினை அந்த ஒரு பாடம் மட்டும் இல்லை. ஜனவரியிலிருந்தே சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாஃப் ரூம் வாசல் வரை இரண்டு தடவை வந்து, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று திரும்பிப் போனாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை. இவ்வளவையும் ஓரமாக வைத்துவிட்டு, 'ஒரு பாடத்தில் தோல்வி' என்று தலைப்புப் போட்டால், ஒரு பாடம் போன அத்தனை பிள்ளைகளுக்கும் அது என்ன சொல்கிறது?

மே மாதம் மறுபடி ரிசல்ட் வரப்போகிறது. இந்த முறை முன்னாலேயே பத்திரிகை, டிவிக்காரர்களைப் பார்த்துப் பேச நினைக்கிறேன். யாரைப் பார்ப்பது? என்ன சொன்னால் காது கொடுப்பார்கள்? கையில் காட்ட ஏதாவது விதி இருக்கிறதா? யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


பழைய நிருபர் எழுதியது:

டீச்சர், நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் இருபத்தேழு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியிருக்கிற மாதிரிச் செய்திகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதனால் இது எப்படித் தயாராகிறது என்று முதலில் சொல்கிறேன். யாரைப் பார்ப்பது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

உங்கள் ஊருக்கு வந்தவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபராக இருப்பார். மாதச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அனுப்பும் செய்திக்கும் படத்துக்கும்தான் காசு. காலையில் ஸ்டேஷனுக்கு ஒரு போன், ஜி.ஹெச். மார்ச்சுவரிக்கு ஒரு போன். எஸ்.எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆரிலிருந்து நாலு வரி படிப்பார். அதுதான் செய்தி. 'காரணம்' என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதுவே தலைப்பு.

அந்தக் காரணம் எப்படி வருகிறது தெரியுமா? 'தீராத வயிற்று வலி' என்று எத்தனை செய்தியில் படித்திருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். பிரேதப் பரிசோதனை முடித்து உடலைச் சீக்கிரம் வாங்க வேண்டும், வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது. "வயித்து வலின்னு எழுதிக்கங்க சார்" என்கிறார். ஸ்டேஷனுக்கும் வேலை முடிந்தது. நாங்கள் அதை அப்படியே அச்சடித்தோம். வருடக்கணக்கில் ஒரே வரி. ரிசல்ட் நாளில் 'வயிற்று வலி' இருந்த இடத்தில் 'தேர்வில் தோல்வி' வந்து உட்கார்ந்துகொள்ளும். விசாரித்து எழுதியதாகப் படிக்கிறவர்கள் நம்புகிறார்கள். நாங்கள் எதையும் விசாரித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் போட்டோ. மறுநாள் காலை மற்ற பேப்பரில் படம் வந்து நம் பேப்பரில் வராவிட்டால் ஏழு மணிக்கே ஆபீசிலிருந்து போன் வரும்: "அவன் போட்டிருக்கான், நீ என்ன பண்ணிட்டிருந்த?" படம் போட்டதற்காக ஒரு நாளும் என்னை யாரும் கேட்டதில்லை.

ஆனால் எங்களால் முடியாது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போக்ஸோ வழக்கு, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு வந்தால் அதே நிருபர், அதே பக்கத்தில், '16 வயதுச் சிறுமி' என்று மட்டும் எழுதுகிறார். பெயர் இல்லை, படம் இல்லை, பள்ளி இல்லை, தெரு இல்லை. 2012 சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதையெல்லாம் தடுக்கிறது, மீறினால் ஜெயில். அப்படி எழுதியதால் எந்தப் பேப்பரும் விற்காமல் போகவில்லை, செய்தி புரியவில்லை என்று எந்த வாசகரும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது நான் முதலில் வைக்கிற வாதம் இதுதான். உங்களுக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன். அங்கே சட்டத்துக்குப் பயந்து செய்ததை இங்கே பிள்ளைகளுக்காகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

விதி கேட்டீர்கள். பத்திரிகைகளின் நெறிமுறையைக் கவனிக்கிற பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொன்னதை ஒட்டியதுதான். இந்தச் செய்திகளை எடுப்பான இடத்தில் போடக் கூடாது, திரும்பத் திரும்பப் போடக் கூடாது. பரபரப்பாகவோ, பிரச்சினைக்கு இதுவும் ஒரு தீர்வு என்பது போலவோ எழுதக் கூடாது. முறையை விவரிக்கக் கூடாது, இடத்தைச் சொல்லக் கூடாது. பரபரப்பான தலைப்பு, படம், வீடியோ, சமூக ஊடக இணைப்பு எதுவும் கூடாது. உங்கள் வால்போஸ்டர் இதில் பாதியை ஒரே தாளில் மீறியிருக்கிறது. இதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது பக்கம் வேண்டாம், யாரும் புரட்ட மாட்டார்கள்.

பார்க்க வேண்டியவர் பகுதிநேர நிருபர் இல்லை. அவர் எழுதாவிட்டால் அவருக்குத்தான் அடி. மாவட்டத் தலைமை நிருபரையும், பதிப்பின் செய்தி ஆசிரியரையும் பாருங்கள். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஏப்ரலிலேயே போய்விடுங்கள். இன்னொரு வழி, கலெக்டர் ஆபீஸில் மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார், மாவட்டத்தில் எல்லா நிருபர் எண்ணும் அவரிடம் இருக்கும். முதன்மைக் கல்வி அலுவலர் கையெழுத்தோடு ஒரு கடிதம் அவர் வழியாகப் போனால் நாற்பது பேருக்கும் ஒரே நாளில் சேரும்.


இரண்டு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

டீச்சர் மனசு புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். செய்தி போடாதே, படம் போடாதே என்று ஆரம்பித்தால் கடைசியில் யாருக்கு லாபம்? நிர்வாகத்தின் கொடுமை, ஆசிரியர் அடித்தது, கட்டணம் கட்டவில்லை என்று வெயிலில் நிறுத்தியது, எல்லாமே பேப்பரில் வந்த பிறகுதான் கல்வித் துறை எட்டிப் பார்க்கிறது. நீட் தேர்வால் போன பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் சட்டமன்றம் வரை அது போயிருக்குமா? முகம் தெரிந்தால்தான் ஜனங்களுக்கு உறைக்கிறது. 2017-ல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியதற்கும் வருடா வருடம் பேப்பர்கள் இந்தச் சாவுகளை எழுதி வந்ததும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.


தாவரவியல் டீச்சர் எழுதியது:

ஐயா, நியாயமான கேள்வி. மூடி மறைக்கச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் பள்ளி மேல் தப்பு இருந்தால் அதையும் எழுதட்டும். மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஒரு கவுன்சிலர்கூட எங்களுக்கு இல்லை, அதை எழுதினால் நான் பேப்பரை வெட்டி வைத்துக்கொள்வேன்.

ஆனால் அன்றைக்கு வந்த செய்தியில் அது எங்கே இருந்தது? பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, துணைத் தேர்வு எப்போது என்று ஒரு வரி இல்லை. ஒரு மாதத்தில் அதே வருடமே எழுதிக் கல்லூரியில் சேரலாம் என்பது கிராமத்தில் பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. வருடம் வீணாகிவிட்டது என்றே நினைக்கிறார்கள். இருந்ததெல்லாம் அவள் முகமும், அவள் கையெழுத்தும், அவள் என்ன செய்தாள் என்பதும். நிர்வாகத்தைத் தட்டிக் கேட்க அந்த மூன்றில் எது தேவைப்பட்டது?

ரேங்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதே பேப்பர்கள்தான் அதுவரை ரேங்க் வாங்கிய பிள்ளைகளுக்கு லட்டு ஊட்டுகிற படத்தை முதல் பக்கத்தில் நாலு காலத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தன.


இரவுப் பணி எழுதியது:

மேடம், உதவி எண் ஒன்றில் ஒன்பது வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பெரும்பாலும் இரவு நேரம்.

உங்கள் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை சொன்ன வாக்கியத்தை நான் போனில் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். செய்தி பெரிதாக வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அழைப்புகள் தொனி மாறி வரும். பேப்பரில் வந்த அதே சொற்களில் பேசுவார்கள். "எனக்கும் அதே மாதிரி தான் சார்" என்று ஆரம்பிப்பார்கள். பார்த்தால் அந்தப் பிள்ளைக்கும் இவர்களுக்கும் வாழ்க்கையில் ஒற்றுமையே இருக்காது. செய்தி இருவருக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்திருக்கும்.

பத்திரிகைக்காரர்கள் "நாங்கள் எழுதுவதாலா சாகிறார்கள்?" என்று கேட்டால் வியன்னாவைச் சொல்லுங்கள். 1980-களின் நடுவில் அந்த நகரத்தில் ஒரு குறிப்பிட்ட பொது இடத்தில் இப்படிப்பட்ட சாவுகள் ஏறின. எந்த இடம் என்பதை உங்கள் வேண்டுகோள்படி விட்டுவிடுகிறேன். பத்திரிகைகள் அதை நாடகம் போல் விரிவாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் தடுப்புப் பணியில் இருந்த மருத்துவர்கள் பத்திரிகைகளோடு உட்கார்ந்து பேசி ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, செய்தியைச் சுருக்கின, சிலவற்றைப் போடவே இல்லை. அந்த வருடத்தின் பின்பாதியிலேயே அந்த இடத்துச் சாவுகள் பாதிக்கும் கீழே போயின. ரயில்வே மாறவில்லை, மக்கள் மாறவில்லை, எழுதுகிற விதம்தான் மாறியது. (ரயில்வே என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அதை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியவில்லை.)

அதே ஆஸ்திரியாவில் 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று எங்களுக்கு இன்னும் முக்கியம். அந்த எண்ணம் வந்து, ஆனால் அதன்படி செய்யாமல் வேறு வழியில் மீண்டவர்களைப் பற்றி எழுதிய செய்திகளுக்குப் பிறகு சாவுகள் குறைந்திருந்தன. ஆக, 'எழுதாதே' என்று மட்டும் கேட்கப் போகாதீர்கள், 'இதை எழுதுங்கள்' என்றும் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். நிருபருக்கும் பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே.

ஒற்றைக் காரணம் பற்றிச் சொன்னீர்கள். 2022-ல் நாடு முழுவதும் 1,70,924 பேர் இப்படி இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இதில் தேர்வுத் தோல்வி என்று பதிவானது இரண்டு சதவிகிதத்துக்கும் கீழ். பழைய நிருபர் சொன்ன எஃப்.ஐ.ஆர். கணக்குதான் இதுவும், அதனால் இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் மே மாதப் பேப்பரைப் படிக்கிற பிள்ளைக்கு, பெயிலானால் இதுதான் நடக்கும் என்று தோன்றிவிடுகிறது. பெயிலான லட்சக்கணக்கான பிள்ளைகள் மறுநாள் எழுந்து காபி குடித்தது எங்குமே வருவதில்லை.

ஒரு பக்கக் கடிதத்தில் இந்த உதவி எண்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: 104, டெலி மானஸ் 14416 (இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம்), சென்னை ஸ்நேகா 044-24640050. இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது பாரமாக இருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டியதில்லை.


டெஸ்க் பையன் எழுதியது:

டீச்சர், நான் ஒரு செய்தித் தளத்தில் துணை ஆசிரியர். வயது 26. பேப்பரைவிட இப்போது எங்கள் பக்கம்தான் ஆபத்து அதிகம், அதனால் எழுதுகிறேன்.

பேப்பரில் ஒரு நாள் வரும், மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். எங்கள் செய்தி போகாது. மூன்று வருடம் கழித்து அந்தத் தம்பிப் பையன் அக்கா பெயரைத் தேடினால் எல்லாம் அப்படியே வரும். ஒரே சாவை நாங்கள் அன்றைக்கே ஆறு செய்தியாக உடைப்போம்: முதலில் சாவு, பிறகு கடிதம், பிறகு அம்மா கதறல் வீடியோ, பிறகு தோழிகள் சொன்னது, பிறகு நடிகர் இரங்கல், பிறகு 'இதுவரை நடந்தது என்ன'. ஒவ்வொன்றுக்கும் தம்ப்நெயில், அதில் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். எல்லாவற்றின் அடியிலும் 'தற்கொலை எதற்கும் தீர்வாகாது' என்று ஒரு பெட்டி, உதவி எண்கள். மேலே எண்ணூறு வார்த்தையில் செய்யக் கூடாததையெல்லாம் செய்துவிட்டுக் கீழே அந்தப் பெட்டியை ஒட்டும் வேலையை நானே செய்திருக்கிறேன். ஒட்டிய பிறகு மனசு கொஞ்சம் லேசாகும். ஆகியிருக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2022 ஜூலையில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு மாணவியின் சாவு, விசாரணை முடியும் முன்பே யூடியூபில் ஆளுக்கொரு தீர்ப்பு, வாட்ஸ்அப்பில் வதந்தி. 17-ஆம் தேதி கும்பல் பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்தியது. மேலே ஒரு அப்பா கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது வேறு, அன்றைக்கு நடந்தது வேறு. உண்மை தெரிய வேண்டும் என்று அழுத அந்தக் குடும்பத்துக்கு அந்த நெருப்பால் என்ன கிடைத்தது?

உங்களுக்குப் பயன்படுகிற விஷயம்: 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு செய்தித் தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். புகார் அனுப்பினால் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிவிக்கும் அதே வருடம் இதே மாதிரி 15 நாள் விதி வந்தது. எழுத்தில் வரும் புகாருக்கு உள்ளே மதிப்பு உண்டு, நம்புங்கள். கமென்ட்டில் திட்டினால் அதுவும் ஒரு வியூதான். சட்டப் பிரிவுக்கு ஒரு மெயில் போனால் எடிட்டர் எழுந்து வந்து கேட்பார். அந்தப் பழைய செய்திகளில் படத்தையும் கடிதத்தையும் எடுக்கச் சொல்லி அம்மா பெயரில் இப்போதும் எழுதலாம். எங்கள் இடத்தில் அப்படி இரண்டு எடுத்திருக்கிறோம்.


பழைய நிருபர் எழுதியது:

தம்பி சொன்னதோடு பேப்பருக்கானதையும் சேர்த்துவிடுகிறேன். பிரஸ் கவுன்சிலுக்குப் போவதானால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால், நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப வேண்டும், செய்தி நறுக்கோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். கட்டணம் இல்லை. கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம். அபராதம் போட அதிகாரம் இல்லை. பல்லில்லாத அமைப்பு என்று எங்களில் பலர் சொல்வார்கள். ஆனாலும் கவுன்சிலிலிருந்து ஒரு கவர் வந்தால் ஆபீஸில் ஒரு வாரம் அதுதான் பேச்சு, அதை நான் பார்த்திருக்கிறேன்.


கிழக்குக்கரை எழுதியது:

நான் மட்டக்களப்பு. எங்கட பத்திரிகைகளில 'தவறான முடிவெடுத்து உயிரிழப்பு' எண்டு எழுதுகினம். 'தற்கொலை' எண்ட சொல்லைக் குறைக்க வேணும் எண்டுதான் அது வந்தது எண்டு நினைக்கிறன், நல்ல எண்ணம்தான். ஆனா செத்த பிள்ளையின்ட அம்மாவுக்கு அது எப்பிடிக் கேட்கும்? என்ட மச்சாளின்ட மகன் போனபோது அவ அந்தத் தலைப்பைக் காட்டி, "என்ட பிள்ளை பிழை விட்டவன் எண்டு போட்டிருக்கினம்" எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. உயிர் போகும் அளவுக்கு வருத்தமாய் இருந்த பிள்ளைக்கு ஏன் கடைசியில ஒரு தீர்ப்பு? டீச்சர், உங்கட கடிதத்தில் இதையும் ஒரு வரி சேருங்கோ. 'உயிரிழந்தார்' எண்டாலே காணும்.


தாவரவியல் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கடிதத்தை ஒரே பக்கத்தில் முடித்தேன். கிழக்குக்கரை சொன்ன வரியைச் சேர்த்திருக்கிறேன். இங்கே 'விபரீத முடிவு' என்று எழுதுகிறார்கள், அதுவும் அதே கதைதான். முதன்மைக் கல்வி அலுவலர் படித்துப் பார்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். மக்கள் தொடர்பு அலுவலர் வழியாக எல்லாருக்கும் போய்விட்டது.

நேரில் மூன்று அலுவலகத்துக்குப் போனேன். ஓர் இடத்தில் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில், "மேலிடம் சொன்னால்தான் மேடம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் தலைமை நிருபர் உட்கார வைத்து முழுக்கப் படித்தார். போக்ஸோ வாதத்தைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை நான் யோசிச்சதே இல்ல" என்றார். முறை, இடம், கடிதம் மூன்றும் தன் பதிப்பில் வராது என்று உறுதி கொடுத்தார். படத்துக்கு மட்டும் உறுதி கொடுக்க முடியாது, செய்தி ஆசிரியரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் அதை எழுதி வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இரவுப் பணி சொன்ன மாதிரி வெறுங்கையோடு போகவில்லை. என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. பிளஸ் டூவில் பாடம் போய், துணைத் தேர்வு எழுதி மேலே வந்த என் பிள்ளைகள் பட்டியல், பதினாறு வருடத்தில் நாற்பத்தொரு பேர். ஒருத்தன் கம்பத்தில் திராட்சை வியாபாரம், ஒருத்தி கிராம நிர்வாக அலுவலர், ஒருத்தன் பஸ் ஓட்டுகிறான், நான் ஏறினால் டிக்கெட் எடுக்க விடமாட்டான். அதைக் காட்டினேன். ரிசல்ட் அன்றைக்கு வரும் பேப்பரில் அரைப் பக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் விவரமும் உதவி எண்களும் அதிலேயே வரும்.

பதினான்கு பேருக்குப் போன் செய்தேன், ஆறு பேர் பெயரோடு பேசச் சம்மதித்தார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளையை நான் கேட்கவே இல்லை. அவளாகவே கேள்விப்பட்டு நேற்று ராத்திரி கூப்பிட்டாள். "என் பேர் வேண்டாம் டீச்சர், ஆனா நான் பேசறேன்" என்றாள். மருத்துவரிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இறந்த பிள்ளையின் அம்மாவையும் பார்த்தேன். தளங்களில் இருக்கிற அந்தக் கடிதப் படத்தை எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பலாமா என்று கேட்டேன். இன்னும் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அனுப்புங்க டீச்சர், பையன் இப்ப போன் பாக்குறான்" என்றார். டெஸ்க் பையன், அந்த மெயிலில் என்ன என்ன எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதித் தருவீர்களா? நாலு தளம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட நினைக்கிறேன்.